நிழலில் உலர வேண்டிய விதை

அக்கா,

நேற்றுக் காலை உக்குவளையிலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தார். சேம்பிலையில் சுற்றிய பொட்டலத்தை மேசையில் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு கை அளவு நயிமிரிஸ் மிளகாய். மஞ்சளும் சிவப்புமாய், தோல் சுருங்கி, நாங்கள் மூட்டையில் அடைக்கும் கொச்சிக்காய்க்குச் சம்பந்தமே இல்லாத குண்டு உருவம். காரம் மூக்கில் ஏறுவதற்கு முன்னால் ஒரு பழ வாசனை வருமே, அது வந்தது. ஏலம் முதல் கருவாடு வரை எதை வைத்தாலும் உடனே விலை சொல்கிற நான், "இது நான் வாங்குறதில்லம்மா, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன்.

"சும்மா மணந்தாவது பாருங்க மொதலாளி. வீட்டுல வெத போட்டு வளத்தது."

மணந்துதான் பார்த்திருந்தேன். அதனால்தான் எடுத்துப் போகச் சொன்னேன்.

உங்களை நான் முதலில் பார்த்தபோது எனக்குக் கடை கிடையாது. தலையில் கருவாட்டுக் கூடையோடு எல்கடுவத் தேயிலை மலை ஏறி, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாய்க் கூவி விற்கிறவன். லயத்தில் உங்கள் ஒற்றை அறைக் காம்பிராவுக்குப் பின்னால் பழைய மண்ணெண்ணெய்த் தகரங்களிலும் டின்பால் டின்களிலும் வரிசையாய் நயிமிரிஸ் செடிகள். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு ஒவ்வொன்றாய் இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"கருவாட்டுக்காரத் தம்பி, ஒங்க கருவாடு ஒறைக்குமா?"

"கருவாடு எப்பிடிங்க ஒறைக்கும்?"

"அப்ப இதக் கடிச்சிக்கிட்டுத் தின்னுங்க. ஒறைக்கும்."

வீம்புக்குப் பாதியைக் கடித்தேன். காது அடைத்துப் போய், கண்ணில் நீர் கொட்ட, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் காம்பிராப் பெண்களெல்லாம் சிரிக்க, நீங்கள் ஒரு துண்டு கருப்பட்டியைக் கொண்டுவந்து நீட்டினீர்கள். "அழுகுற யாவாரிகிட்டத்தான் வெல கொறைச்சுக் கேக்கணும்" என்றீர்கள். அன்றைக்குக் குறைத்துத்தான் கொடுத்தேன்.

அதன் பிறகு எத்தனை வருடம் உங்கள் நயிமிரிஸை வாங்கியிருப்பேன். கூடை போய்க் கடை வந்த பின்னும், ஊரில் காரம் வேண்டுமென்று கேட்பவர்களுக்கு உங்கள் காயைத்தான் எடுத்து வைப்பேன். விதை விசயத்தில் உங்களைப் போல் பிடிவாதக்காரரை நான் கண்டதில்லை. நல்ல செடி ஒன்றில் பழைய சேலை நூலைக் கட்டிவிடுவீர்கள். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. காய் செடியிலேயே பழுத்துச் சுருங்க வேண்டும். பிறகு மூங்கில் சிம்பால் கீறி, விதையைச் சாம்பலில் புரட்டி, காம்பிராவுக்குள் முறத்தில் பரப்புவீர்கள். வெயில் படக் கூடாது, சூடு ஆகவே ஆகாது. சிரட்டையில் விதைத்த பின் இருபது நாள் காத்திருப்பீர்கள். "இது சோம்பேறிச் சாதி தம்பி. படுத்துத்தான் கெடக்கும். கிளறிப் பாக்குறவனுக்கு மொளைக்காது."

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

கப்பலில் வந்துகொண்டிருந்த செத்தல் மிளகாய் நின்றுபோன காலம் அது. எல்லோரும் வீட்டுக் கொல்லையைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அதே நேரத்தில்தான் உங்கள் வீட்டுக்கு, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்புகிற அரசாங்கத் தாள் வந்தது. உங்கள் வீட்டுக்காரர் போகலாம் என்றார். நீங்கள் அசையவில்லை. "பொறந்தது இங்க. புள்ளையப் பொதைச்சது இங்க. தெரியாத ஊருக்கு நான் என்னத்துக்குப் போகணும்?" தோட்டத்துக்கு வெளியே ஒரு மூலை கிடைத்தால் அவரும் இருந்துவிடுவார் என்றீர்கள். அந்த மூலையைத் தேடிப் பிடித்தவன் நான்தான்.

கலேவெலயில் எனக்குப் பயறும் எள்ளும் கொடுக்கிற முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருந்தார், நானா என்றுதான் கூப்பிடுவேன். மேட்டுக் காணிக்காரர். உங்கள் காயை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாக்கில் வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, "இந்த வெத என்ட மண்ணுல மொளச்சா அந்த மனிசியையும் புருசனையும் வரச் சொல்லுங்க. குடிசை போட எடம் தாரேன். செய்யட்டும்" என்றார். உங்களிடம் வந்து சொன்னேன். நீங்கள் பின்னால் போய், நூல் கட்டிய செடிகளில் இருந்த பழம் அத்தனையையும் பறித்து ஒரு துணிப்பையில் கட்டிக் கொடுத்தீர்கள். ஒரு பழம் கூட மிச்சம் வைக்கவில்லை. "நாளைக்குக் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போகாட்டிப் பேரை வெட்டிருவாங்க தம்பி. நீங்களே கீறி, நெழல்ல ஒலத்திக் குடுத்துருங்க."

அந்த வாரம் என் கடை இருந்த மாத்தளையில் வெயில் முகமே காட்டவில்லை. பழத்தைக் கீறாமல் முழுசாகவே முறத்தில் பரப்பியிருந்தேன்; மூன்றாம் நாள் பார்த்தேன். இரண்டு மூன்று பழத்தில் பூஞ்சணம் வெள்ளையாய்ப் பூத்திருந்தது. பூஞ்சணத்தைக் கண்ட யாவாரிக்கு மூளை வேறு பக்கம் ஓடாது, அக்கா. சரக்கைக் காப்பாற்று என்றுதான் ஓடும். கடைக்குப் பின்னால் கொக்கோவும் சாதிக்காயும் காய வைக்கிற அடுப்பறை எரிந்துகொண்டிருந்தது. மேல் தட்டில் வைத்தேன். மறுநாள் எடுத்தபோது பழம் கண்ணாடி போல் மொறுமொறுவென்று, குலுக்கினால் விதை சலசலவென்று சத்தம் போட்டது. நல்ல வேலை செய்தேன் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். விற்கிற சரக்குக்கு அது நல்ல வேலைதான்.

நானா கையில் கொடுத்தபோது, "அந்த அக்காவே ஒலத்துனது" என்றேன். ஒரு சரக்குக்கு நல்ல பேர் சேர்க்க வாயில் வருகிற வழக்கமான பொய்.

ஒரு மாதம் கழித்து அவர் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"இருவத்தஞ்சு நாள் தண்ணி ஊத்தின. ஒண்டு சரி மொளச்சில்ல. அந்த மனிசிட வெத செத்த வெத. எனக்கு அவங்க தேவல்ல."

அப்போது ஒரே ஒரு வசனம் போதும். உலர வைத்தது நான், சூட்டில் வைத்தது நான். அவர் என்னை ஏசியிருப்பார், அடுத்த போகத்துப் பயறை வேறு கடைக்குக் கொடுத்திருப்பார். நான் அதைத்தான் நினைத்தேன். "மலை விதை நானா, கீழ் மண்ணு ஒத்துக்கல்ல போல" என்றேன்.

உங்களிடமும் அதையே சொன்னேன். நீங்கள் விதை கொண்டுபோன அந்தத் துணிப்பையை வாங்கி உதறினீர்கள். தையல் ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு விதை கையில் விழுந்தது. நகத்தால் பிளந்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தீர்கள்.

"மழ நாளையில இத எங்க தம்பி வச்சீங்க?"

"நெழல்லதான் அக்கா."

நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டீர்கள். "இன்னொரு தரம் கேட்டுப் பாக்குறீங்களா? அடுத்த காய்க்கு நானே விதை எடுத்துத் தர்றேன்" என்றீர்கள். கேட்கிறேன் என்று சொன்னேன். கேட்கவில்லை. கேட்கப் போனால் முதல் தடவை ஏன் முளைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டி வரும். இரண்டு வாரம் விட்டு வந்து, முடியாதென்று சொல்லிவிட்டார் என்றேன்.

நீங்கள் இந்தியாவுக்குப் புறப்பட்ட அன்று, மாத்தளை ஸ்டேஷனில் அத்தனை ஒப்பாரிக்கு நடுவில் நீங்கள் மட்டும் அழவில்லை. சாமான் மூட்டையில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் இருந்தீர்கள். வண்டி கிளம்புகிற நேரம் கேட்டீர்கள், "எங்கிட்டச் சொல்ல வேண்டியது ஏதும் இருக்கா தம்பி?"

"போய்ச் சேந்ததும் காயிதம் போடுங்க அக்கா."

"சரி" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை.

நீங்கள் கடிதம் போடவில்லை. போன மாதம் உங்கள் வீட்டுக்காரர் போட்டார், கூடலூர்ப் பக்கத்திலிருந்து. காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள் என்று. அடுத்த வரி இது: "அவ வெத செத்துப் போனதாலதான் இந்தக் குளிர்ல வந்து கெடக்குறோம்னு நான் அவள ஏசாத நாள் இல்ல. ஒரு வார்த்த திருப்பிச் சொன்னதில்ல. ஏன்னு இன்னிக்கும் வெளங்கல்ல."

எனக்கு விளங்கிற்று. விளங்கியதும் உங்கள்மேல் கோபம்தான் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். அந்த விதையைப் பிளந்த நாளிலேயே உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை கத்தியிருந்தால் நானும் பயந்து உண்மையைச் சொல்லியிருப்பேன், கலேவெலக்கு ஓடியிருப்பேன். நீங்கள் நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தீர்கள். மண்ணுக்குள் கிடக்கிற விதைக்குக் காத்திருக்கலாம். என்னைப் போன்றவனுக்கு எதற்காகக் காத்திருந்தீர்கள்? புருசனிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு என் பேரைச் சொல்லாமல் இருந்ததைப் பெரிய மனசு என்று நான் மெச்சப் போவதில்லை. அது என்னைத் திருத்தவில்லை. தப்பிக்கத்தான் விட்டது. கடையை இரண்டு மடங்காக்கினேன். கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

இதையும் உங்கள் தலையில் கட்டுகிறேன் பாருங்கள். பழக்கம் விடவில்லை.

நேற்று அந்தப் பெண் போன பிறகு கடையைச் சாத்திவிட்டு உங்கள் வீட்டுக்காரருக்குப் பதில் எழுதினேன். நாலு வரி. அக்காவின் விதை நல்ல விதை. அடுப்பறையில் வைத்து வேகவைத்தவன் நான். நிழலில் வைத்தேன் என்று சொன்னது பொய். நானாவிடம் மறுபடி கேட்டேன் என்றதும் பொய்.

இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். பெட்டிக்குள் விழுந்த பிறகுதான் உறைத்தது. அந்தக் கடிதம் போய்ச் சேரும் இடத்தில் ஒரு கிழவர், பெண்டாட்டியைக் குற்றமில்லாமல் இத்தனை வருடம் ஏசியிருக்கிறோம் என்று இனிமேல்தான் தெரிந்துகொள்வார். மன்னிப்புக் கேட்க அவருக்கும் ஆள் இல்லை. உங்களிடம் சொல்ல வேண்டியதை, நீங்கள் கேட்ட இடத்தில் சொல்லாமல், அவர் தலையில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன்.

என் சுமை குறையவில்லை, அக்கா. இனி இரண்டு பேர் சுமப்போம், அவ்வளவுதான்.