சிவப்புக் கோடும் தேனீ ராட்டினமும்

ஜனவரி 12, ஞாயிறு

வழக்கம்போல் பூங்கா, வழக்கம்போல் தேனீ ராட்டினம். தலைகீழாய்ப் பாயும் ரயில், தண்ணீரில் விழும் படகு, பேய் வீடு எல்லாம் அங்கே இருக்கின்றன. என் மகளுக்கு அவை தேனீக்குப் போகும் வழியில் நிற்கும் இடைஞ்சல்கள். தேனீ உருவ இருக்கைகள் வட்டமாகச் சுற்றும், கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அவ்வளவுதான். அதிலும் இறக்கையில் விரிசல் விட்ட தேனீதான் வேண்டும். வேறு குழந்தை ஏறிவிட்டால் அடுத்த சுற்றுக்கு நிற்பாள். எங்கள் குடும்பத்தில் பொறுமை என்று ஒன்று இருப்பதை அந்த வரிசையில்தான் பார்க்கலாம்.

ராட்டினக்காரர் மைக்கில் சொல்வதை வீட்டில் அதே குரலில் சொல்வாள். இன்று சாப்பாட்டின் நடுவே, "வண்டி நிக்கிற வரைக்கும் யாரும் எழுந்திரிக்காதீங்க." தட்டோடு எழுந்த அவள் அப்பா மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

ஜனவரி 20, திங்கள்

சீருடைப் பாவாடை முட்டிக்கு மேலே போய்விட்டது. பெண் வளர்ந்தால் சந்தோஷப்பட வேண்டும். எனக்குத் தேனீதான் ஞாபகம் வந்தது. தேனீ ராட்டின வாசலில் ஒரு பலகை, அதில் சிவப்புக் கோடு. தலை அதைத் தாண்டினால் ஏற முடியாது. நேற்று பார்த்தேன், இன்னும் ஒரு விரற்கடைதான்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே அளப்பவள் நான். சொந்தப் பெண்ணை அளக்கக் கை வரவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

கிளம்பும்முன் அவள் உச்சிக் கொண்டையை அவிழ்த்துத் தாழப் பின்னினேன். அவள் அப்பா அவளுடைய தேய்ந்த செருப்பை எடுத்து மாட்டிவிட்டார். தங்கம் கடத்துகிறவர்கள் மாதிரி இரண்டு பேரும் முகத்தை வைத்துக்கொண்டு பலகைப் பக்கத்தில் நின்றோம். தப்பித்தோம்.

பிப்ரவரி 5, புதன்

நாத்தனார் போனில், "ஊர்ல வேற ராட்டினமே இல்லையா அண்ணி?" என்றாள். உனக்கு வேற புருஷனே கிடைக்கலையா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். நல்லவள்தான்.

அவளுக்கு என்ன தெரியும். போன வருடம் பழுது என்று ஒருநாள் தேனீயைப் பூட்டியிருந்தார்கள். பிள்ளை தரையில் விழுந்து, தன் கையையே கடித்து - சுற்றிலும் கூட்டம். "ஆட்டிசம் இருக்குங்க, தள்ளி நில்லுங்க" என்று நான் கத்துறேன், ஒருத்தன் போனில் படம் பிடிக்கிறான். அது ஒருநாள் பூட்டு. இனி எப்போதுமே இல்லை என்றால்? எப்படிச் சொல்றது? யாரு சொல்றது?

பிப்ரவரி 23, ஞாயிறு

அவர் ராட்டினக்காரரைத் தனியாகப் பிடித்துப் பேசிவிட்டார். "கூட்டிட்டு வாங்க சார். ஒரு விரல் கூடக்குறைய இருந்தா என் கண்ணுக்குத் தெரியாது" என்றாராம். நிம்மதி. இன்றைக்கு எல்லாரிடமும் சிரித்துப் பேசினேன், நாத்தனாரிடம்கூட.

மார்ச் 2, ஞாயிறு

எல்லாரையும் சரிக்கட்டினோம், அவளைத் தவிர.

வழக்கம்போல் குதிகாலைப் பலகையில் ஒட்டி நின்றாள். உச்சந்தலையில் கையைத் தட்டையாக வைத்து, அப்படியே திரும்பிப் பார்த்தாள். கை கோட்டுக்கு மேலே. ராட்டினக்காரர் கதவைத் திறந்து, "ஏறும்மா" என்றார். அவள் அசையவில்லை.

"கோட்டுக்கு மேல. ஏறக்கூடாது."

நான் குனிந்து, "இன்னைக்கு மட்டும் பரவாயில்லடா" என்றேன். என்னைத் திருடியைப் பார்ப்பது போல் பார்த்தாள். சின்ன வயதில் பெரிய ராட்டினத்துக்குள் ஓடிவிடுவாளோ என்று பயந்து, பலகை சொன்னா சொன்னதுதான் என்று தினமும் பாடம் நடத்தியது யார்? நாங்கள்தானே.

கையை எப்போது கடிப்பாளோ என்று பைக்குள் துண்டைப் பிடித்தபடி நின்றேன். அவள் நேராக வேலிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். விரிசல் தேனீயில் ஏதோ ஒரு வாண்டு. அது கடந்து போகும்போதெல்லாம் குதித்தாள். ஏறும்போது ஒரு சிரிப்பு, இறங்கும்போது ஒரு சிரிப்பு. உள்ளே உட்கார்ந்திருந்தபோது அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை, தேனீயின் பெரிய தலை மறைத்து எப்போதும் முதுகுதான் தெரியும். துண்டு எனக்குத்தான் தேவைப்பட்டது.

மார்ச் 9, ஞாயிறு

இனி பூங்கா வேண்டாம் என்பாள் என்று நினைத்து மெதுவாக எழுந்தேன். அவள் குளித்து, கிளம்பி, கதவருகே நிற்கிறாள்.

"எங்கடி?"

"தேனீ."

"ஏற முடியாதேடா."

"தேனீ சுத்தும்ல."

சுற்றியது. இன்று நல்ல கூட்டம். வேலியோரம் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் நானும் குதித்துக்கொண்டிருந்தேன் என்று அவர் சொல்கிறார்.