தாளிப்பில்லாத வீட்டிலிருந்து

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பகலில் பேனாவைத் தொட்டால், "கொயந்த இப்டி கெடக்கறப்போ உனக்கு எயுத்து கேக்குதா?" என்கிறார் மாமியார். இட்லிப் பானையைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. ஆனாலும் கொடியில் போட்ட துணியில் வெந்த பரங்கிக்காயின் வாசனை போகவில்லை. அந்த வாசனையோடு உன் முகமும் வந்து நிற்கிறது. நான் என்ன செய்வேன்?

குழந்தைக்கு அம்மை. இரண்டரை வயது, இன்றோடு பதினொரு நாள். வாசலில் வேப்பிலை செருகியதிலிருந்து யாரும் உள்ளே வருவதில்லை, நானும் படி தாண்டுவதில்லை. முதல் தண்ணீர் ஊற்றும்வரை இப்படித்தான். ராயபுரத்துக் கடல் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. எனக்கு அதன் சத்தம் மட்டும்தான். துறைமுகத்துக் கூட்ஸ் வண்டிகள் மோதும்போதெல்லாம் குழந்தை தூக்கிவாரிப்போட்டு விழிக்கிறாள். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் கரித்தூள்.

காலேஜ் விடுதியில் எனக்கு அம்மை கண்டபோது தோட்டத்துக் கோடி அறையில் பூட்டாத குறையாக வைத்தார்களே, நினைவிருக்கிறதா? எல்லாரும் வெளியே நின்றே நலம் விசாரித்தார்கள். நீ மட்டும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தாய். "எனக்குச் சின்ன வயசிலேயே வந்து போயிடுச்சுடி. இனிமே ஆத்தா என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டா." நான் கஞ்சியைத் துப்பத் துப்ப, சமையற்காரம்மாவிடம் இட்லிப் பானையை வாங்கி வந்தாய். தட்டில் ஈரத்துணி விரித்துப் பரங்கித் துண்டுகளை அடுக்கினாய். எண்ணெய் இல்லை, இறக்கிய பிறகு ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான். "தண்ணியிலே முக்கி வேகவச்சா ருசி தண்ணிக்குப் போயிடும், நமக்குச் சக்கைதான்" என்றாய்.

"நீ சயன்ஸ் படிச்சது இதுக்குத்தானா?"

"வேற எதுக்காம்? வாயைத் திற."

போன ஆடியில் உன் அண்ணாவின் அட்டை வந்தது. பிரசவத்தில் நீ போய்விட்டாய் என்று இரண்டே வரி. கைக்குழந்தைக்காரிக்குப் பிரயாணம் எதற்கு என்று அப்போதும் என்னை அனுப்பவில்லை.

உன் பக்குவம் தெரிந்திருந்தும், முந்தாநாள் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். நாலு நாளாகக் குழந்தை வாயில் எதுவும் இறங்கவில்லை. கஞ்சி, மோர் எல்லாம் தலையணையில்தான். வாசனையாவது பசியைக் கிளப்பட்டும் என்று, மாமியார் குளிக்கப் போன நேரம் பார்த்து, சோற்றுக்குக் கொஞ்சம் கடுகு தாளித்தேன். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்பது தெரியாதவளா நான்? நாலு கடுகு வெடித்திருக்கும், ஈரப்புடவையோடு ஓடி வந்தார்.

"இன்னாடி பண்ணிட்டே! ஆத்தா குந்திகினு கீற வூட்ல கடுகு வெடிக்கிறியே! காலேஜில இதான் சொல்லிக் குடுத்தாங்களா?"

அன்று இரவே, இறங்கியிருந்த காய்ச்சல் மறுபடி ஏறிற்று. அதற்குப் பிறகு அவர் திட்டவில்லை. அடுப்பை நான் தொடக்கூடாது என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

இன்று காலை காய்காரி ஜன்னலோரம் கூடையை இறக்கினாள். "இன்னா மருமவளே, கொயந்த துன்னுதா?" இல்லை என்று தலையசைத்தேன். "பரங்கிக்கா கீது, அவிச்சுக் குடு. அவிச்சதுன்னா ஆத்தாளுக்கு ஒண்ணியும் கோவமில்ல." நான் சொன்னால் எடுபடாதது அவள் சொன்னதும் மாமியார் காதில் ஏறிற்று. சாயங்காலம் இட்லிப் பானையை அவரே எடுத்து வைத்தார். "நீயே அவி. ஆனா கடுகு டப்பா என் மடியிலதான் கீது, ஆமாம்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது.

ஏழு துண்டு சாப்பிட்டாள். எட்டாவதைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனாள்.

அவள் நெற்றியில் ஒரு கையை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். சூடு இன்னும் இருக்கிறது. குறைந்திருக்கிறதா என்று சொல்லத் தெரியவில்லை. மாமியார் நினைப்பதை நான் நம்பவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. காயைக் குழையாமல் அவிக்கும் பக்குவம் உன்னிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது, உன் துணிச்சல் வரவில்லை. நாலு கடுகுக்காகக் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறாது என்று உன் கையெழுத்தில் ஒரு வரி போதும்.

சீக்கிரம் பதில் எழுது.