சின்னக்கடலில் எடுக்காமல் விட்ட அடி

இந்தச் செவ்வாய்க்கிழமை டாக்டரின் உதவியாளப் பெண் என் இடது கையில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். அக்குளில் தொடங்கி, மேற்கையின் உட்புறமாக இறங்கி, முழங்கை மடிப்பைத் தொட்டு, மணிக்கட்டு வழியாகப் போய்ச் சின்னவிரல் நுனியில் கொண்டுவந்து முடித்தாள். இந்த வழியில் எங்கேயாவது நோவு இருக்கிறதா என்று கேட்டாள். அவளுக்கு இருபது வயதுதான் இருக்கும். அந்தக் கோட்டில் ஒன்பது புள்ளிகள் இருப்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், உமக்கும் தெரியும்.

முழங்கையின் உள்மடிப்பில் மட்டும்தான், அதுவும் இந்த வசந்த காலத்திலிருந்துதான் என்று சொன்னேன். நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். டாக்டர் கடதாசியைப் பார்த்துவிட்டு இருதயம் நன்றாக இருக்கிறது என்றார். அந்த இடத்தில் எப்போதாவது பலமாக அடிபட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். அது பொய். வீட்டுக்கு வரும்போது இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு ட்ராமில் இரண்டு தரிப்பு தாண்டிப் போயிருந்தேன். எதை எங்கே தொடங்கி யோசிப்பது என்று தெரியாமல்தான் உமக்கு இதை எழுதுகிறேன்.

டுசல்டோர்ஃபில் அந்த முதியோர் இல்லத்துக் குசினியில் நாம் இரண்டு பேரும் சமையல் வேலை செய்த காலம். நான் மன்னார், நீர் யாழ்ப்பாணம். என்னைவிட இரண்டு வயது மூப்பு என்பதால் முதல் கிழமை உம்மை அக்கா என்று கூப்பிட்டேன். "என்னைக் கிழவியாக்காதையும்" என்றீர். அன்றிலிருந்து உம்மை நானும் என்னை நீரும் நீர் என்றுதான் கூப்பிட்டோம்.

உடைமாற்றும் அறைக்கு வெளியே அறிவிப்புப் பலகையில் அந்த மஞ்சள் கடதாசியைக் கண்டது நீர். பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில் வியாழன் மாலை ஆறு மணிக்குச் சீனத் தற்காப்புக் கலை வகுப்பு, பெண்களும் வரலாம் என்று இருந்தது. நான் சிரித்தேன். நாற்பது வயதில் நாங்கள் காலைத் தூக்கி யாரை உதைக்கப் போகிறோம் என்று கேட்டேன். காலை வேலைக்கு ஐந்து மணிக்கு ட்ராமுக்கு நிற்கும்போது ஒருவன் இரண்டு தடவை உமக்குப் பின்னால் வந்தான் என்பதை அப்போதுதான் சொன்னீர். "எனக்கு ஓட ஏலாது. அடிக்கவாவது பழகவேணும்" என்றீர். நான் உமக்குத் துணையாகத்தான் வந்தேன். எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததே இல்லை.

ஈரோ காசு புழக்கத்துக்கு வந்த அடுத்த வருடம் அது. மாஸ்டர் ஒரு ஜெர்மன்காரர், பகலில் பஸ் திருத்துகிறவர், இளமையில் தாய்வானில் இரண்டு வருடம் இருந்து பழகியவர். முதல் நாள் ஜோடி சேரச் சொன்னபோது இரண்டு மீட்டர் உயரமான ஒருவர் உமக்கு முன்னால் வந்து மரியாதையாகக் குனிந்தார். நீர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தீர். "ஊர்பேர் தெரியாத ஆம்பிளையின்ரை கையைப் பிடிச்சு இழுக்கிறதோ" என்று தமிழில் முணுமுணுத்தீர். அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் நாமே நமக்கு ஜோடி. கோயிலில் பூசை முடிந்து நிற்கும்போது எல்லோரும் நம்மைக் கராட்டி அக்காமார் என்று பகிடி பண்ணுவார்கள். பகிடிக்கு நீர் கோபிக்கவில்லை. கராட்டி ஜப்பான்காரருடையது, இது சீனாக்காரருடையது என்று ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்து விளக்கினீர்.

மூன்றாம் மாதத்தில் மாஸ்டர் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டினார். உடம்பு முழுக்கக் கோடுகள், கோடுகளில் புள்ளிகள். உயிர்ச்சக்தி இந்தப் பாதைகளில் ஓடுகிறது, புள்ளியில் அடித்தால் ஓட்டம் தடைப்படும், அதே புள்ளியில் அழுத்தித் தேய்த்தால் திறக்கும் என்றார். ஊரில் வர்மம் என்பார்களே அதுவா என்று நான் உம்மைக் கேட்டேன். பேசாமல் கேளும் என்றீர். நமக்குக் கொடுத்தது இருதயத்தின் பாதை, ஒன்பது புள்ளி. சீனப் பெயர்கள் நம் வாயில் நிற்கவில்லை. மாஸ்டர் அவற்றுக்கு ஜெர்மன் மொழியில் பொருள் சொல்ல, நீர் அதைத் தமிழாக்கி வைத்துக்கொண்டீர். மணிக்கட்டில் இருப்பது ஆவிவாசல். முழங்கை உள்மடிப்பில் இருப்பது சின்னக்கடல். ஒருநாள் இடைவேளையில் நீலப் பேனாவால் என் கையில் ஒன்பதையும் குறித்துவிட்டீர். குசினிப் பொறுப்பாளர் தோல் வருத்தம் என்று பயந்து என்னைச் சமையல் பக்கமே விடவில்லை, அன்று முழுக்கக் கோப்பை கழுவினேன்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு புள்ளியில் யார் அடித்தாரோ அவரேதான் அதை எடுக்க வேண்டும். அடித்தவர் தன் கையாலேயே அந்த இடத்தை அழுத்தி, சின்னவிரல் வரை தேய்த்துவிட்டு, குனிந்து வணங்க வேண்டும். வேறு யாரும் எடுக்கக்கூடாது. எதற்கு என்று கேட்டேன். அடித்தவனுக்கும் அதில் ஒரு பங்கு அடைத்து நிற்கும் என்றார் மாஸ்டர். எனக்கு இது ஒரு விளையாட்டு விதியாகத்தான் பட்டது. நீர் தலையை ஆட்டிக்கொண்டு நின்றீர்.

பிறகு ஒரு வியாழன் காலையில், வேலை அட்டவணையில் நத்தார்ப் பண்டிகைக்கு முதல்நாள் காலை வேலைக்கு உமது பெயரை வெட்டி என் பெயரைப் போட்டிருந்தார்கள். உமது மகளுக்கு அன்று லீவு கிடைத்ததால், என்னைக் கேட்காமலே பொறுப்பாளரிடம் பேசி மாற்றிவிட்டீர். கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பேன். கேட்காததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பகல் முழுக்க உம்மோடு கதைக்கவில்லை. மாலையில் சின்னக்கடலில் மெதுவாகத் தட்டிப் பழகச் சொன்னார் மாஸ்டர். நான் விரல் முட்டியை மடக்கி, உமது இடது முழங்கையில் உள்ளதெல்லாம் சேர்த்து ஒரு அடி விட்டேன். நீர் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தீர், கண் கலங்கிப் போயிற்று. பிறகு உமது முறை வந்தது. நீரும் குறைவைக்கவில்லை, அதே இடத்தில் எனக்கும் தந்துவிட்டு, "இப்ப சரியோ?" என்று சிரித்தீர். நான் சிரிக்கவில்லை. அதற்குள் மண்டபத்தில் அடுத்து விளையாடும் கைப்பந்துக்காரர் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்கள். நேரம் முடிந்துவிட்டது, வீட்டில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் மாஸ்டர். நான் முதல் ட்ராமைப் பிடித்துத் தனியாகப் போனேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் என் வீட்டுக்கு வந்தீர். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. குசினிக் கதிரையில் இருந்துகொண்டு சட்டைக் கையைச் சுருட்டினீர்.

"உம்மட அடி இன்னும் போகேல்லையப்பா. சின்னவிரல் வரைக்கும் இழுக்குது. எடுத்துவிடும்."

எனக்குப் பயம் வந்தது. பயத்தோடு இன்னொன்றும் வந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்குச் சந்தோஷம் வந்தது. நோவு எங்கெங்கே என்று கேட்கக் கேட்க நீர் காட்டிய இடமெல்லாம் படத்தில் இருந்த அதே கோடு. அக்குள், மேற்கை, சின்னக்கடல், ஆவிவாசல், சின்னவிரல். மூன்று மாதம் நான் நம்பாமல் பழகியது உண்மையாகவே ஓடுகிறது என்று நினைத்தேன். அதை வாய்விட்டும் சொன்னேன். உமது நெற்றி வியர்த்திருந்தது. அடுப்புச் சூடு என்று எண்ணி யன்னலைத் திறந்துவிட்டு, அரை மணித்தியாலம் ஒன்பது புள்ளியையும் ஒன்றும் விடாமல் அழுத்தித் தேய்த்தேன். முடிவில் முறைப்படி எழும்பிக் குனிந்து வணங்கினேன். சுகமாயிருக்கு என்றீர். கோபத்தில்தான் அடித்தேன் என்று அப்போது ஒப்புக்கொண்டேன். "தெரியும். அட்டவணையைக் கண்டவுடனை அடி வாங்கப்போறன் எண்டு தெரியும்" என்றீர்.

பிறகு என் கையைக் கேட்டீர். நீர் அடித்ததை நீர் எடுக்க வேண்டும் என்றீர். நான் தரவில்லை. கை நோகிற மனிசி சும்மா இரும் என்றேன், சோறும் குழைந்துகொண்டிருந்தது. "சரி, உம்மட கையிலை இருக்கிறதை வாற வியாழன் எடுக்கிறன்" என்றீர். சாப்பிடச் சொன்னேன், பசிக்கவில்லை என்று போய்விட்டீர்.

ஞாயிறு காலை கோயிலுக்கு உடுக்கும் சேலையை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தபோதே நீர் விழுந்துவிட்டீர். மாரடைப்பு என்றார்கள். இருதயம் இப்படி இடது கை வழியாகச் சின்னவிரல் வரை நோகும், அதுதான் அதன் அறிகுறி என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதை உமது மகள் எனக்கு மொழிபெயர்த்தாள். டாக்டரும் மேசையில் விரலால் அதே கோட்டைத்தான் கீறிக் காட்டினாராம்.

அடக்கம் முடிந்த பிறகு ஒரே ஒரு தடவை வகுப்புக்குப் போனேன். அடியால் இப்படி ஆகுமா என்று மாஸ்டரைக் கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. அடித்துக் கொல்லும் கதையெல்லாம் வெறும் கதை, நாம் செய்வது ஒரு மரபுக்காக என்றார். அப்படியானால் தேய்த்து எடுப்பதும் கதையா என்றேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் கோட்டைக் கீறினவர்கள் எதையோ கண்டுதான் கீறியிருக்கிறார்கள் என்றார். வேறு ஒன்றும் அவருக்கும் தெரியவில்லை.

எனக்கும் இன்றுவரை தெரியவில்லை. அந்தக் கோடு உண்மை என்றால், உமது இருதயத்தின் பாதையில் கோபத்தோடு அடித்தவள் நான். பொய் என்றால், உம்மை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய நேரத்தில் கையைத் தடவிக்கொண்டிருந்தவள் நான். எந்தப் பக்கத்தால் போனாலும் நான்தான் வந்து நிற்கிறேன். அடிக்கும் உமது நோவுக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர்கள் சொல்வார்கள். ஆனால் நான் அடித்திராவிட்டால், கை நோவை நீர் வேறு மாதிரி எண்ணியிருப்பீரே. அதற்கு எந்த டாக்டரிடம் கேட்பது?

இன்னும் ஒன்று. உமது கைப்பையில் நீர் எழுதிய ஒரு டெர்மின் கடதாசி, டாக்டரைப் பார்க்கும் நேரம் குறித்தது, இருந்தது. வெள்ளிக்கிழமையே டாக்டருக்குத் தொலைபேசி எடுத்து, திங்கள் காலை எட்டரைக்கு நேரம் வாங்கி வைத்திருந்தீர். அப்படியானால் சனிக்கிழமை ஏன் என்னிடம் வந்தீர்? டெர்மினைப் பற்றி ஏன் ஒரு சொல் சொல்லவில்லை? சுகமாயிருக்கு என்றது மெய்யா? செத்த வீட்டில் உமது மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா உங்களிட்டை நோ எண்டு ஏதும் சொன்னவவோ அன்ரி?" என்று கேட்டாள். இல்லைப் பிள்ளை என்றேன். ஐந்து வருடமாக அந்தப் பொய்யோடு அவள் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்து வருகிறேன்.

புதன்கிழமை அவளை வரச்சொன்னேன். நீர் போனபோது தாதிப் பயிற்சியின் இரண்டாம் வருடத்தில் இருந்த பிள்ளை, இன்று முழுத் தாதி. நீர் இருந்த அதே கதிரையில் அவளை இருத்தி, அடித்ததிலிருந்து தேய்த்தது வரை எல்லாம் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை.

"எனக்குத் தெரியும் அன்ரி. அம்மா சனிக்கிழமை வீட்டை வந்து எல்லாம் சொன்னவ. 'எனக்கு அடிச்சுப்போட்டு அவ நித்திரை கொள்ளமாட்டா, போயிட்டு வாறன்' எண்டு சொல்லிப்போட்டுத்தான் உங்களிட்டை வந்தவ."

தெரிந்தும் என்னிடம் ஏன் கேட்டாய் என்றேன். அவள் அழத் தொடங்கினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவமோ எண்டு அம்மா வெள்ளிக்கிழமை கேட்டவ. நான்தான் தசைப்பிடிப்பு, திங்கள் வரைக்கும் பொறுக்கலாம் எண்டு சொன்னனான். நீங்கள் ஓம் எண்டு சொல்லியிருந்தா, நானும் உங்களுக்கு இதைச் சொல்லியிருப்பன்."

என்னைப் பாதுகாக்க நான் சொன்ன ஒரு இல்லை, அந்தப் பிள்ளையின் வாயை ஐந்து வருடம் அடைத்து வைத்திருக்கிறது. நீர் எனக்காகத்தான் வந்தீர் என்றால், உமக்கு நொந்துகொண்டிருந்த கையை எனக்கு ஆறுதலாக நீட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்தீர். அதற்கு நன்றி சொல்வதா, உம்மைப் பிடித்து உலுக்குவதா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டும் வருகிறது. நாங்கள் இரண்டு பேரும் அழுதோம், பிறகு அவள் கொஞ்சம் சோறு சாப்பிட்டாள்.

போகும்போது என் கையை வாங்கி முழங்கை உள்மடிப்பை அழுத்திப் பார்த்தாள். தன் பையில் களிம்பு இருக்கிறது, தேய்த்துவிடட்டுமா என்று கேட்டாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். அதை அடித்தவர்தான் எடுக்க வேண்டும், வேறு யாரும் எடுக்கக்கூடாது என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், பிறகு களிம்பை மூடிப் பையில் வைத்தாள்.

அந்தக் கோட்டை நான் இப்போதும் நம்பவில்லை. நம்பாமலும் இருக்க ஏலாது. நேற்று வியாழக்கிழமை. மாலை ஆறு மணிக்கு இடது சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, உமது கதிரைக்கு எதிரில் கையை நீட்டிக்கொண்டு இருந்தேன்.