மரணச் செய்தி சொல்லும் பணியில் இருபத்தாறு நாள் தனியாக அமர்த்தப்பட்ட மருத்துவர் குறித்து

அனுப்புநர்:
நேரக்காப்பாளர், பேருந்துப் பணிமனை.
(தொற்றுச் சிகிச்சைப் பிரிவில் இருந்த மின்பணியாளரின் தம்பி)

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
மருத்துவமனைகள் நிர்வாக அலுவலகம்.

பொருள்: சென்ற மாதம் 19ஆம் தேதி நான் கொடுத்த புகாரை மருத்துவர்மீது பயன்படுத்தாதிருக்கவும், அதே நிகழ்வுக்காக நிர்வாகத்தின்மீது இப்புகாரைப் பதிவு செய்யவும் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

1. என் புகாரின் பேரில் ஒரு பெண் மருத்துவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டு, வரும் 17ஆம் தேதி விசாரணைக்கு நிற்கப்போகிறார். வேலையே போகலாம் என்று தெரிகிறது. அப்புகாரில் நான் எழுதிய சம்பவம் உண்மை. யார்மீது எழுதினேன் என்பதில் தவறிவிட்டேன்.

2. என் அண்ணன் 8ஆம் தேதி சேர்க்கப்பட்டார். உறவினர் யாரும் உள்ளே போக முடியாத நாட்கள் அவை. 19ஆம் தேதி காலை 11.20க்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. அண்ணன் 10.50க்கு இறந்துவிட்டதாக ஒரு மருத்துவர் சொன்னார். அண்ணியிடம் நான்தான் சொன்னேன். கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் முப்பத்தொரு பேருக்குத் தகவல் சொல்லி முடித்திருந்தேன். 1.05க்கு அதே மருத்துவர் மீண்டும் அழைத்தார். "உங்க அண்ணன் உயிரோட இருக்காருங்க. ஆள் மாத்திச் சொன்னது நான்தான். வேற யாரும் இல்ல" என்றார். நான் நம்பாமல் கத்தினேன். அவர் கவச உடை மாட்டிக்கொண்டு வார்டுக்குள் போய் அண்ணன் காதில் போனை வைத்தார். "எதுக்குடா இப்படிக் கத்துற? சார்ஜரைக் குடுத்து விடுன்னு எத்தனை தரம் சொல்றது" என்றார் அண்ணன்.

3. அன்று மாலையே நான்கு பக்கம் புகார் எழுதினேன். பேருந்தை மரத்தில் மோதிய ஓட்டுநரைக்கூட நான் அப்படித் திட்டியதில்லை.

4. விசாரணை அறிவிப்பில் உள்ளபடி தவறு நேர்ந்த விதம் இது. அன்று காலை ஆறு மணிக்கு அண்ணனை 14ஆம் கட்டிலிலிருந்து 22க்கு மாற்றி, நிலைமை மோசமான வேறொருவரை 14இல் படுக்க வைத்திருக்கிறார்கள். இறந்தவர் அவர். வார்டிலிருந்து தொலைபேசி அறைக்கு வரும் சீட்டில் கட்டில் எண்ணும் நேரமும் மட்டுமே இருக்கும், பெயர் இருக்காது. சுவரில் ஒட்டிய பட்டியலிலும் கட்டில் எண், எதிரே உறவினரின் தொலைபேசி எண், அவ்வளவுதான். அதைத் திருத்தும் எழுத்தர் நண்பகலில்தான் வருவார். அவர் வந்து திருத்தியபோதுதான் தவறு தெரிந்தது.

5. புகார்தாரர் என்ற முறையில் விசாரணை அறிவிப்போடு பணிப்பட்டியலும் அழைப்புப் பதிவேடு, ஆலோசனைப் பதிவேடு ஆகியவற்றின் நகல்களும் எனக்கு வந்தன. பணிப்பட்டியல் பார்ப்பது என் தொழில். அந்த மருத்துவர் ஒருநாளும் விடுப்பின்றித் தொடர்ந்து இருபத்தாறு நாள் பணியில் இருந்திருக்கிறார். காலை ஐந்து முதல் பதினொன்று வரை வேறொரு வார்டில் கவச உடையோடு. பதினொன்றுக்கு மேல் தொலைபேசி அறையில், தனியாக. 143 குடும்பங்களுக்கு மரணச் செய்தி சொல்லியிருக்கிறார். வேறு எந்த மருத்துவருக்கும் அந்தப் பணி ஒதுக்கப்படவில்லை. காரணம் என்ற கட்டத்தில் "பக்குவமான குரல்" என்று எழுதியிருக்கிறது.

6. மருத்துவர்களின் மனநலத்துக்காக நிர்வாகம் ஓர் ஆலோசகரை நியமித்திருப்பதை அறிவேன். அவர் தரைத்தளத்தில் பதினொன்று முதல் பன்னிரண்டு வரை இருப்பார். அதே நேரத்தில்தான் இந்த மருத்துவர் மூன்றாம் தளத்தில் போனோடு உட்கார்ந்திருக்கிறார். ஆலோசனைப் பதிவேட்டில் நான்கு வாரமும் அவர் பெயருக்கு நேரே "வர விருப்பமில்லை" என்று குறித்திருக்கிறார்கள். யார் அவரைக் கேட்டார்கள் என்று தெரியவில்லை.

7. எங்கள் பணிமனையில் ஓய்வெடுக்காத ஓட்டுநருக்கு நான் சாவி கொடுக்கக் கூடாது. கொடுத்து, வண்டி எங்காவது இடித்தால், முதல் விளக்கம் என்னிடம்தான் கேட்பார்கள். சக்கரத்தில் ஓர் உயிர் போய்விட்டால் அந்த ஓட்டுநரை ஒருவர் வீடுவரை கொண்டுபோய் விடுவார். மறுநாள் ஆள் பற்றாக்குறையென்றாலும் அவர் வண்டி எடுக்கமாட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். நூறு பேர் ஏறும் வண்டிக்கு உள்ள விதி அந்த அறைக்கு ஏன் இல்லை என்பதே என் புகார்.

8. ஒன்றை மறைக்க விரும்பவில்லை. 14ஆம் கட்டிலில் உண்மையில் இறந்தவரின் மனைவி, அந்த ஒன்றே முக்கால் மணி நேரமும் கணவருக்கு மாற்றுத் துணியோடு வாசலில் நின்றிருக்கிறார். அவருக்கும் அதே மருத்துவர்தான் சொன்னார். அவர் சார்பில் பேச எனக்கு உரிமை கிடையாது. அவரை யாராவது நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அது நிர்வாகத்தில் உள்ளவராக இருக்க வேண்டும்.

9. ஆகவே, பணியிடை நீக்கத்தை ரத்து செய்து, மருத்துவர் உடலும் மனமும் தேறும்வரை சம்பளத்துடன் விடுப்பு தரக் கோருகிறேன். சீட்டில் நோயாளியின் பெயர் எழுதச் சொல்லுங்கள். மரணச் செய்தி சொல்லும் பணியைப் பலருக்கும் முறைவைத்துப் பிரித்துக் கொடுங்கள். ஆலோசகர் மருத்துவர்களின் பணி நேரத்துக்குள், அவர்கள் வரக்கூடிய வேளையில் இருக்கட்டும். 17ஆம் தேதி என்னை மருத்துவர் தரப்புச் சாட்சியாக அழைக்கவும் வேண்டுகிறேன். அண்ணனும் வருவதாகச் சொல்கிறார். வேண்டாம் என்றேன். "செத்தது நானா நீயா? நான்தான் வரணும்" என்கிறார்.

10. மருத்துவரிடம் வருத்தம் தெரிவிக்க நேற்று அந்த அறையின் எண்ணுக்கு அழைத்தேன். வேறொரு மருத்துவர் எடுத்தார், இளம் குரல். நான் யாரென்று சொல்வதற்கு முன்பே, "கட்டில் எண் சொல்லுங்க" என்றார். சொன்னேன், நலமாக வீடு வந்துவிட்டவரின் தம்பி என்று. உங்களோடு அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"மூணு வாரமா நான் மட்டும்தாங்க."

விசாரணை நாளுக்குக் காத்திராமல், அந்த அறையில் இன்றே இரண்டாவது நாற்காலி ஒன்றைப் போட்டு, அதில் ஓர் ஆளை உட்கார வைக்க உத்தரவிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பணிமனை அலுவலகம்
நாள்: 11ஆம் தேதி, வியாழக்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
19ஆம் தேதிப் புகாரை எழுதியவன்