இன்னும் மூன்று வருஷம்

கடலூர் முதுநகர்,
26.2.2012, ஞாயிறு.

இயேசுவுக்கே புகழ். மரியே வாழ்க.

அன்பு மகள் நித்யாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஆண்டவர் புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அங்கே ஜுரம் கிரம் இல்லாமல் திடமாய் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உனக்கென்று தனியாக ஒரு பத்து அருள்நிறை மந்திரம் சொல்கிறோம். போனில் பேசுகிற காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்பதோடு சரி, மிச்சம் எல்லாம் உள்ளேயே நின்றுவிடுகிறது. இந்த வெள்ளிக்கிழமை ஜாம்பியாவுக்குக் கிளம்புகிற சாமியார் ஒருவர் அங்கே உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறாராம், அவர் கையில் நார்த்தங்காய் ஊறுகாயும் முந்திரிப்பருப்பும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். அம்மா இப்போது வீட்டில் இல்லை, பூசை முடிந்து நேரே தேவனாம்பட்டினம் போய்விட்டாள், எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

தானே புயலைப் பற்றி உனக்குப் பாதிதான் சொன்னேன், பயந்துவிடுவாய் என்று. அன்று காற்று அடித்த அடியில் நம் வீட்டுப் பின்கட்டு சிமெண்ட் ஷீட் அத்தனையும் பிய்த்துக்கொண்டு போய், ஒன்று அடுத்த தெரு ராமாமிர்தம் டீச்சர் வீட்டு மாடியில் கிடந்தது. கரண்ட் பொங்கல் தாண்டித்தான் வந்தது. அண்ணாகிராமத்தில் ராயப்பன் மாமாவின் முந்திரித் தோப்பில் ஒரு மரம்கூட நிற்கவில்லை, பலா மரங்கள் வேரோடு சாய்ந்துவிட்டன. நான் போனபோது மாமா விழுந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார், "மச்சான், இனிமே வெச்சு எப்ப காய்க்கிறது" என்று கேட்டார். இப்போது மனசைத் தேற்றிக்கொண்டு கன்று வைக்கக் குழி எடுக்கிறார்.

அந்த அமளிக்கு நடுவில்தான், பொங்கலுக்கு மறுநாள், உன் போன் வந்தது. லைன் கிடைக்காமல் நீ தவித்தது போலவே நாங்களும் தவித்துக் கிடந்தோம், உன் குரல் கேட்டதும் அம்மா போனோடு மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அந்த நேரம் பார்த்து நீ அதைச் சொல்லியிருக்க வேண்டாம் பாப்பா. சொல்லாமல் எப்படி இருப்பாய், அதுவும் சரிதான். வருகிற ஏப்ரலில் உன் மூன்று வருஷம் முடிகிறது, இன்னும் மூன்று வருஷம் இருக்கப் போகிறேன், கூட இருந்த மலையாளத்து நர்ஸ் ஊருக்குத் திரும்பிவிட்டதால் ஆஸ்பத்திரியைப் போட்டுவிட்டு இந்த வருஷம் லீவில்கூட வர முடியாது, ஈஸ்டருக்குள் முடிவு சொல்ல வேண்டும், ஆனால் அம்மா சம்மதம் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மளமளவென்று சொல்லி முடித்தாய். அம்மா அப்படியே போனை என் கையில் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு நீ கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் அம்மா குளிக்கிறாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்று நான் சொன்னது பொய். பக்கத்து நாற்காலியில்தான் காதை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனை வைத்ததும், "இருமுறாளா? குரல் ஒரு மாதிரி இருந்துச்சே" என்று மட்டும் கேட்பாள்.

அவள் கோபத்தைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. சுனாமி வந்த அன்று நீ சிதம்பரம் நர்ஸிங் காலேஜிலிருந்து கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்திருந்தாய். பூசைக்குப் போட்டிருந்த புதுச் சுடிதாரோடு தேவனாம்பட்டினத்துக்கு ஓடினவள் சாயங்காலம் வேறு யாரோவாகத் திரும்பி வந்தாள் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். அந்தக் குப்பத்துப் புஷ்பவள்ளி தன் பெண் குழந்தை கிடைக்காமல் கரையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று கிடந்தபோது நீயும் பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாயாம். குழந்தையை அடக்கம் செய்த பிறகும் சனி ஞாயிறு என்றால் நீ அவர்கள் வீட்டில்தான் இருந்தாய். மடத்துக்குப் போகப் போகிறாய் என்று அம்மா முதலில் பயந்தாள், பிறகு அதற்கு மனசைப் பழக்கிக்கொண்டாள், மடம் என்றால் ஒரு சபை உண்டு, பெயர் உண்டு, வயதான காலத்தில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. நீ என்னடா என்றால் "சிஸ்டர் ஆகலம்மா, நான் நித்யாவாவே போறேன்" என்றாய். குருக்களும் கன்னியரும் மட்டும் இல்லை, நம்மைப் போல வீட்டில் இருக்கிறவர்களையும் ஆண்டவர் மறைப்பணிக்குக் கூப்பிடுகிறார் என்று பங்குச் சாமியாரே வந்து உட்கார்ந்து விளக்கினார். "கல்யாணமும் இல்ல, மடமும் இல்ல, இது என்னா கணக்கு சாமி?" என்று அவரையே கேட்டாள். சிதம்பரத்தில் சொந்தக்காரர் கல்யாணத்தில் உங்க பொண்ணு எந்த சபை என்று கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாமல் பந்தியில் பாதியில் எழுந்து வந்திருக்கிறாள். அந்த அம்மாவிடம்தான் நீ இன்னும் மூன்று வருஷம் கேட்டாய்.

இப்போது அனிமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புயலுக்குப் பிறகு உன்னைப் போலவே மடத்தில் சேராமல் பொதுநிலையில் இருந்துகொண்டு மறைப்பணிக்கு வந்தவர்கள் சிலர் வெளி மாநிலங்களிலிருந்து இங்கே வேலை செய்ய வந்தார்கள். அதில் ஒரு பெண்ணை நம் வீட்டில் தங்கவைத்துக்கொள்ள முடியுமா என்று பங்குச் சாமியார் கேட்டார். அனிமா திர்க்கி என்று பெயர், ஜார்கண்டில் ராஞ்சிக்கு அந்தப் பக்கம் ஏதோ மலைக் கிராமம், உன் வயசுதான் இருக்கும், டீச்சர் வேலையை விட்டுவிட்டு வந்தவள். தமிழில் வணக்கம், தண்ணி, போதும், இவ்வளவுதான் தெரியும். வந்த அன்று அம்மா அவளுக்கு உன் கட்டிலைக் கொடுக்கவில்லை, ஹாலில் பாய் போட்டாள். மறுநாளே அந்தப் பெண் தேவனாம்பட்டினத்தில் கூரை மேல் ஏறிவிட்டது. சுடிதாரை இழுத்துச் செருகிக்கொண்டு தார்ப்பாய் கட்டுவதைப் பார்த்து ஆம்பிளைகள் எல்லாம் நின்று சிரித்தார்களாம், புஷ்பவள்ளிதான் "சிரிக்காம கவுறப் புடிங்கடா" என்று அதட்டினாளாம். அவள் வீட்டுக் கூரையும் புயலில் போய்விட்டது.

ஒரு நாள் சாயங்காலம் அனிமா வந்து சாப்பிட உட்கார்ந்தவள், வழக்கத்துக்கு மாறாக ஸ்பூன் வேண்டும் என்று ஜாடை காட்டினாள். அம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கயிறு அறுத்து உள்ளங்கை முழுக்கப் புண். அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்து, சங்கரா மீனில் முள் எடுத்து, சோற்றைப் பிசைந்து ஊட்ட ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பெண் முதலில் வெட்கப்பட்டது, பிறகு அழுதது, அழுதுகொண்டே முழுத் தட்டும் சாப்பிட்டது. அன்றைக்கு உன் கட்டிலில் புது விரிப்புப் போட்டுக் கொடுத்தாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அருள் சிதம்பரத்திலிருந்து வந்திருந்தான். உன் அண்ணனுக்கு உன்மேல் பாசம் இல்லாமல் இல்லை, வயதான இரண்டு பேரையும் தான் ஒருவனே ஓடிவந்து பார்க்க வேண்டியிருக்கிறதே என்கிற ஆத்திரம்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அனிமாவிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டான், அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். என்னடா என்றேன். "உங்க ஊர்ல கஷ்டப்படறவங்களே இல்லையா, இவ்ளோ தூரம் வந்திருக்கீங்கன்னு கேட்டேன்பா. நெறைய இருக்காங்க, நான்தான் இங்க வந்துட்டேனே, நீங்க அங்க போங்கன்னு சொல்லுது" என்றான், அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. "இது வந்ததுக்கு அவுங்க அம்மா என்னா சொன்னாங்கன்னு கேளு" என்றாள். அருள் கேட்டான். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. அவள் வீட்டை விட்டு வந்ததிலிருந்து அவள் அம்மா அவளிடம் பேசுவதே இல்லையாம், போன் செய்தால் தம்பிதான் பேசுவானாம்.

அம்மா கை கழுவிவிட்டு வந்து, "போன் போடச் சொல்லுடா" என்றாள். தம்பி எடுத்தான், அனிமா ஏதோ கெஞ்சினாள், கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் குரல் கேட்டது, உடனே அம்மா போனை வாங்கிக்கொண்டாள். சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளைக் கூப்பிடுவாளே, அந்தக் குரலில் கத்தினாள். "அம்மா, நான் கடலூர்லேருந்து பேசறேன். உங்க பொண்ணு எங்க வூட்லதான் இருக்குது. நல்லா சாப்புடுது, தலைக்கு எண்ணெ வெச்சு வுட்டுருக்கேன். நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க." பிறகு அந்தம்மா பேச ஆரம்பித்தார்கள், நிறையப் பேசினார்கள், போனுக்கு வெளியே எங்களுக்கே கேட்டது, நடுநடுவே அனிமா அனிமா என்பதைத் தவிர ஒன்றும் புரியவில்லை. உன் அம்மா எல்லாவற்றுக்கும் ஆமா, ஆமா என்று தலையாட்டினாள். அந்தம்மா அழுதார்கள், இவளும் அழுதாள். "எனக்கும் ஒண்ணு இருக்குதும்மா, ரொம்ப தூரத்துல, நித்யான்னு பேரு" என்றாள். போனை அனிமாவின் காதில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பெண் வாசலில் நின்று ரொம்ப நேரம் தன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தது.

அருள் கிளம்பிப் போன பிறகு கீரை ஆய்ந்துகொண்டே அம்மா என்னைக் கேட்டாள், "அங்க நித்யாவுக்கு இந்த மாதிரி சோறு பெசஞ்சு குடுக்க யாராவது இருக்காங்களா?" நீ சொல்லியிருந்த பானா முலெங்காவைப் பற்றி அப்போதுதான் சொன்னேன், நீ மலேரியாவில் படுத்திருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து வந்து கூடவே இருந்து, சோளக் களியைக் கையால் உருட்டிக் கொடுத்த அந்தம்மாவை. மலேரியாவையே மறைத்திருந்ததால் அவர்களையும் மறைக்க வேண்டியதாகிவிட்டது. அதற்காக என்னை ஒரு பிடி பிடித்தாள். பிடித்து முடித்துவிட்டு, "சரின்னு சொல்லிடுங்க. கையெழுத்துப் போட்டுக்கட்டும். ஆனா அந்தம்மாகிட்ட நான் போன்ல பேசணும்" என்றாள். பாஷை தெரியாமல் என்னத்தைப் பேசுவாய் என்றேன். "அது எங்களுக்குத் தெரியும்" என்றாள். புஷ்பவள்ளி வீட்டுக்குக் கூரை போட்டு முடித்து இன்றைக்குப் பால் காய்ச்சுகிறார்கள், அனிமாவும் ஊருக்குத் திரும்புகிற நாள் வந்துவிட்டது, அதனால் அம்மா அங்கே எல்லாருக்கும் சாம்பார் சாதம் கிளறப் போயிருக்கிறாள்.

இதோடு முடித்திருக்கலாம். நீ அம்மாவின் சம்மதத்தைத்தான் கேட்டாய். அப்பா எப்போதும் சரி என்பார் என்று உனக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும், சென்னை ஏர்போர்ட்டில் அழாமல் கையாட்டினவன் நான்தான். ஆனால் ஒன்று நடக்கிறது பாப்பா. சனிக்கிழமைகளில் மஞ்சக்குப்பம் வக்கீல் ஆபீஸில் டைப் வேலை முடிந்து வருகிற வழியில் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிடுகிறேன். முன்பு நீ காலேஜ் விட்டு வருகிற நேரம். சிதம்பரம் பஸ் வந்து ஆட்கள் இறங்கி முடிகிற வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். நீ ஆப்பிரிக்காவில் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கடைசி ஆள் இறங்குகிற வரைக்கும் நிற்கிறேன், அவ்வளவுதான். போன வாரம் பூக்கட்டுகிற சின்னம்மாள் "யாரு சார் வரணும்?" என்று கேட்டாள். பொண்ணு என்று சொல்லிவிட்டேன்.

என்னைக் கேட்டால் நீ இந்த ஏப்ரலிலேயே வந்துவிட வேண்டும் என்பேன், மனசு அப்படித்தான் சொல்கிறது, அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது. ஆனால் இன்னொரு வீட்டுப் பிள்ளை இங்கே வந்து கூரை கட்டியதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். உன்னைக் கூப்பிட்டுக்கொண்டால், அந்த ஊரில் ஒரு குழந்தைக்கு ஜுரம் கண்டு ஆஸ்பத்திரிக் கதவைத் தட்டி ஆள் இல்லாமல் திரும்புமே என்று எனக்குச் சோறு இறங்காது. அதனால் இரு பாப்பா. கையெழுத்துப் போடு. அம்மாவுடைய சம்மதத்தை அவள் வாயாலேயே கேட்டுக்கொள்வாய். இது என்னுடையது. நீ கேட்கவில்லை, ஆனாலும் கொடுக்கிறேன்.

கொசுவலை கிழிந்திருந்தால் தைத்துக்கொள்ளாதே, புதிது வாங்கு. மாத்திரையை மறக்காதே. கடிதம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை பானா முலெங்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போன் செய், அம்மா பூசையிலிருந்து சீக்கிரம் வந்துவிடுவாள். ஆண்டவர் உன் கையைப் பிடித்துக்கொண்டே நடக்கட்டும், மாதா உன் தலைமாட்டில் இருக்கட்டும். உன் நெற்றிக்குக் கை எட்டாததால் சிலுவையை இந்தக் காகிதத்தின் மேலேயே போட்டுவிட்டேன்.

உன் அப்பா,
ம. மரியலூர்து