வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள்

கங்கா அப்பாவுக்கு,

ஐயம்பேட்டையில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. பழைய சோறும் மோர்மிளகாயும் உறியில் இருக்கின்றன.

"கியர் விழாத வண்டியக் கூடத்துல பிரிச்சிப் போட்டுக்கினு எத்தினி நாளு இருப்பீங்க? வித்துத் தொலைங்க" என்று நேற்று கத்தினேன். அந்தக் கோபத்தில்தானே வண்டி வாங்குகிறவரை வரச் சொன்னீர்கள்? வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

காலையில் பெருக்கும்போது கியர் மிதியைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். திறந்த பெட்டிக்குள் ஒரு பல்சக்கரம் நகர்ந்து இன்னொன்றோடு போய்ச் சேர்ந்தது. தறியில் மிதித்தால் பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிகிற மாதிரியே! துடைப்பத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இதையா எண்ணெய், கரி என்று திட்டினேன்?

ஆனால் மிதி மேலே திரும்பவில்லை. அது பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் விரலை விட்டேன். பாவு பிணைக்கிற விரலுக்குத் தெரியாதா? பட்டிழை ஒன்று சுற்றி, அழுக்கோடு இறுகிக் கிடந்தது. ஊசியால் எடுத்ததும் மிதி டக்கென்று எழும்பியது. அத்தனை இரும்பையும் ஓர் இழை பிடித்து வைத்திருக்கிறது, பெருமாளே!

பிரித்ததையெல்லாம் திரும்பப் பூட்டிவிட்டுச் சாயந்திரம் அதிலேயே வந்து என்னைக் கூட்டிப்போங்கள்.

வடிவு

மறந்துவிட்டேன்: இழை விளக்கு மாடத்தில் இருக்கிறது. அரக்குக் கலர். என் முந்தானையோடதுதான். சிரிக்க வேண்டாம், இனிமேல் வண்டியில் பின்னால் ஏறினால் இழுத்துச் செருகிக்கொண்டு உட்காருகிறேன்.