இறங்கிய பெட்டரியில் பாடிய வயலின்

மச்சான்,

உன் கெசட் என் மேசையில் கிடக்கிறது. பதுளை பஜாரில் ரேடியோ திருத்தும் முஸ்லிம் நானா கெசட் நாடாவைக் கழுவிக் காயவைத்து, வேறொரு கூட்டுக்குள் மாற்றித் தந்திருக்கிறார். கூடு புதிதுதான். ஆனால் மூக்கருகே கொண்டுபோனால் மண் நாறுகிறது. உன் லயத்து வரிசை வீட்டை மூடிய அதே மண். இந்த நாற்றம் லேசில் போகாது என்று நானா சொன்னார். போகாமலே இருக்கட்டும்.

நீ பங்களாவில் தோட்டக்காரனாக இருந்த காலத்தில், மாற்றலாகிப் போன தோட்டத் துரை விட்டுச்சென்ற சாமான்களுக்குள் எடுத்தது இது. மேலே இங்கிலீசில் எழுதியிருந்ததை என்னிடம் நீட்டினாய். வயலின் கன்செர்ட்டோ, டி மேஜர், அலெக்ரோ. மாஸ்டர் வேலைக்குப் படித்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று உனக்கொரு நினைப்பு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துச் சங்கீத டீச்சரிடம் கேட்டுவந்து சொன்னேன். டி மேஜர் வெளிச்சமான சுருதியாம். அலெக்ரோ என்றால் துள்ளிக்கொண்டு ஓடுகிற வேகமாம்.

நீ டேப்பைத் தட்டிவிட்டாய். வயலின் அடித்தொண்டையில் இழுத்து இழுத்து அழுதது.

"இதாடா துள்ளுது?" என்று கேட்டாய். பிறகு நீயே, "வெள்ளக்காரன் சந்தோசமே இப்பிடித்தான் போல மச்சான்" என்றாய். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். வாசிக்கிறவன் பொண்டாட்டியைப் பறிகொடுத்த கிழவனாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினாய். அன்றிலிருந்து அந்தப் பாட்டுக்குப் பெயரே கிழவன் என்று ஆகிவிட்டது.

உன் டேப் பெட்டியின் வயர் எப்போதோ எரிந்துபோனது. லயத்துக்குக் கரண்ட் வந்த பிறகும் அது பெட்டரியில்தான் பாடியது. புதுப் பெட்டரி வாங்கினால் அது டோர்ச்சுக்கு. டோர்ச்சில் வெளிச்சம் மங்கிய பிறகுதான் டேப்புக்கு. லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அதையும் கூரைத் தகரத்தில் வெயிலில் காயப்போட்டு, பல்லால் கடித்து நசுக்கி, இன்னும் கொஞ்ச காலம் ஓட்டுவாய்.

உன் மனைவி போனபோது தப்பு மேளம் அடித்தார்கள். நீ கல் மாதிரி நின்றாய். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் கிழவனைப் பாடவிட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாய்.

"தப்புச் சத்தத்துல எனக்கு அழுகையே வரல மச்சான். இதக் கேட்டாத்தான் வருது. நான் போனா தப்பு வேணாம், இந்தக் கெசட்டப் போடு. மறந்துராத."

"போடா, நீ என்னயத் தூக்கிப் போட்டுட்டுத்தான் போவ" என்றேன். நீ விடவில்லை. கையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் விட்டாய்.

இந்த மழையில், மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, இறங்கிவிடுங்கள் என்று லயத்துக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் போனில் கத்தினேன். "எங்கடா எறங்க? எறங்கினாலும் தோட்டத்துத் தேயில, ஏறினாலும் தோட்டத்துத் தேயில. நமக்கு நிக்க எடம் எங்க இருக்கு?" நான் கேட்ட உன் கடைசிப் பேச்சு அதுதான்.

அன்று ராத்திரியே மலை சரிந்து லயத்தை மூடியது. மழை இருட்டில் டோர்ச் அடித்து உன்னைத் தோண்டித் தேடினோம். கிடைத்தவர்களை ஒரே வரிசையாகப் புதைத்தார்கள். தப்பும் இல்லை, கெசட்டும் இல்லை. சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்குகிற அவசரம் மட்டும்தான் இருந்தது. பிறகு ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கெசட் அகப்பட்டது. கொழும்பிலிருந்து வந்திருந்த உன் மகள் அதை என் கையில் கொடுத்து, "கருமாதிக்காவது போடுவோம் மாமா" என்றாள்.

நானா அதைக் கடையில் கரண்டில் போட்டுக் காட்டினார். வேறு ஏதோ பாட்டு என்று நினைத்தேன். வயலின் மேல் சுருதியில், பளிச்சென்று, பள்ளிக்கூடம் விட்ட சின்னப் பிள்ளை போல ஓடியது.

"இது எங்க கெசட் இல்ல நானா."

"இதுதான் மாஸ்டர் சரியான ஸ்பீட். ஒங்கட பெட்டில பெட்டரி எறங்கீக்கும். ஸ்பீட் கொறஞ்சா சத்தமும் கட்டயாகும்."

நான் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் சொன்னது சரிதான். ஆடிப்பாடுகிற பாட்டைத்தான் இவ்வளவு காலமும் நாம் ஒப்பாரியாகக் கேட்டிருக்கிறோம். கிழவன் என்று ஒருவன் அதற்குள் இருந்ததே இல்லை. அதன் வேகத்தில் அதை ஒரு தடவைகூடக் கேட்காமல் போய்விட்டாயே, பாவி.

உன் மகளிடம் எல்லாம் சொன்னேன். புதுப் பெட்டரி போடுவோம், இப்போதாவது அப்பா சரியாகக் கேட்கட்டும் என்றேன்.

"வேணாம் மாமா. அது அப்பாவுக்குத் தெரியாத பாட்டு. அப்பா கேட்டதயே போடுங்க."

எழுந்து, லயத்துச் சனத்தைத் தங்கவைத்திருந்த முகாமுக்குள் போனாள். உன்னைத் தேடப் பிடித்த டோர்ச்சுகள் ஒரு மூலையில் கிடந்தன. அவற்றைத் திறந்து, இறங்கிப்போன பெட்டரிகளை முந்தானையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

கருமாதி அன்று உன் மண்மேட்டுக்கு முன்னால், குடைக்குக் கீழே, நானாவிடம் இரவல் வாங்கிய டேப்பில் அவற்றைப் போட்டோம். கிழவன் வந்துவிட்டான் மச்சான். அதே கட்டைக் குரல், அதே இழுவை. அவ்வளவு நாளும் அழாமல் இருந்த உன் மகள் வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். பிறகு வயலின் இன்னும் இறங்கி, முனகி, பாதியில் நின்றுபோனது.

"முடிஞ்சிருச்சா மாமா?"

"இல்லம்மா. பெட்டரி எறங்கிருச்சு."

கிழவனின் மிச்ச அழுகை கெசட்டுக்குள்ளேயே இருக்கிறது. கடையில் புதுப் பெட்டரி கிடைக்கும், ஆனால் புதுப் பெட்டரிக்கு அவன் வரமாட்டான். அதனால் அந்தப் பழைய பெட்டரிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, நீ செய்வது போலவே, ஜன்னல் விளிம்பில் காயப்போட்டிருக்கிறேன். இங்கே இன்னும் வெயில் வரவில்லை.